மொய் நோட்டும் மேரி கொண்டோவும்

திருச்சி உறையூரில் இருந்த எங்கள் வீட்டைப் போன வருடம் மே மாதத்தில் காலி செய்தோம். அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு நாள் ராத்திரி போனில், "இனிமே அங்கேயே வந்துடறேம்ப்பா" என்று அவளாகவே சொல்லிவிட்டாள். வீட்டை வாங்கியவர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

நாற்பது வருடம் புழங்கிய வீடு. சென்னையில் என் ஃப்ளாட்டோ எழுநூற்றுச் சொச்சம் சதுர அடி. கையில் மூன்று நாள் லீவு. பையில் ஒரு புத்தகம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடலாம் என்று தைரியமாகத்தான் பஸ் ஏறினேன்.

முதல் நாள் பரணைக் காலி செய்தோம். இறங்கியவை: டிரங்குப் பெட்டி இரண்டு. கம்பியில் குத்தி வைத்த கடிதங்கள், மூன்று கம்பி. ஹார்லிக்ஸ் பாட்டில் பதினான்கு, மூடி பதினொன்று. பாடாத ரேடியோ. எல்.ஐ.சி. டயரிகள். அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி. பாயில் சுற்றிய ஏதோ ஒன்று. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இன்னொரு பாய்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏறக்குறைய இவைதான் இருக்கும். மூடிகளின் எண்ணிக்கை வேண்டுமானால் மாறலாம்.

பையில் இருந்த புத்தகம் மேரி கொண்டோ எழுதியது. ஜப்பான்காரர். மற்றவர்களின் வீட்டை ஒழுங்கு பண்ணிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்தவர். 2011-ல் ஜப்பானில் பரபரப்பாக விற்ற இந்தப் புத்தகம், 2014-ல் ஆங்கிலத்துக்கு வந்ததும் அமெரிக்காவே அலமாரியைத் திறந்து தரையில் கொட்ட ஆரம்பித்தது. அடுத்த வருடமே 'டைம்' பத்திரிகை செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. 2019-ல் நெட்ஃப்ளிக்ஸில் எட்டு எபிசோட் வந்தது. கொண்டோ என்ற பெயரையே 'ஒழித்துக்கட்டு' என்ற அர்த்தத்தில் வினைச்சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள். நம்ம ஊரில் ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி.

அவருடைய முறை எளிமையானது. அறை அறையாகச் சுத்தம் செய்யாதே. வகை வகையாகச் செய். வீட்டில் உள்ள துணி மொத்தத்தையும் ஒரே இடத்தில் குவி. அடுத்தது புத்தகம், பிறகு காகிதம், பிறகு சில்லறைச் சாமான்கள். நினைவுப் பொருள்கள் கடைசியில். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இதைத் தொடும்போது மனசு துள்ளுகிறதா என்று உன்னையே கேள். துள்ளினால் வைத்துக்கொள். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு அனுப்பு.

இந்த 'நன்றி சொல்லு' என்ற சமாசாரத்தை மேல்நாட்டுக்காரர்கள் நிறையக் கிண்டலடித்தார்கள். சாக்ஸுக்கு யாராவது தேங்க்ஸ் சொல்வார்களா என்று. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. கொண்டோ இளவயதில் ஐந்து வருடம் ஒரு ஷிண்டோ கோயிலில் ஊழியம் செய்தவர். பொருளுக்கும் ஒரு மரியாதை உண்டு என்பது அங்கிருந்து வந்திருக்கலாம். என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஆயுத பூஜை அன்றைக்கு ஸ்பேனருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அன்று முழுக்க அதைத் தொடாமல் ஓய்வு கொடுத்த மனிதர். அந்த வீட்டில் வளர்ந்தவன் சாக்ஸ் விஷயத்தில் சிரிக்க முடியாது.

புத்தகத்தில் நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. குவித்துப் பார்த்தால்தான் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும் என்பது உண்மை. எங்கள் வீட்டில் மட்டும் ஒன்பது கத்தரிக்கோல் கிடைத்தன. வீட்டில் கத்தரிக்கோலே இல்லை என்று சொல்லிச் சொல்லி வாங்கியவை. நினைவுப் பொருள்களைக் கடைசியில் வைத்ததும் புத்திசாலித்தனம். ஆல்பத்தை முதலில் திறந்தவன் அன்றைக்கு வேறு வேலை பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

இரண்டாம் நாள்தான் வினை.

அம்மா பக்கத்துத் தெருவில் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தாள். நான் 'காகிதம்' என்ற அத்தியாயத்துக்கு வந்திருந்தேன். காகித விஷயத்தில் கொண்டோ ரொம்பக் கறார். இப்போது உபயோகத்தில் இருப்பது, கொஞ்ச காலத்துக்குத் தேவைப்படுவது, நிரந்தரமாக வைத்தாக வேண்டியது - இந்த மூன்றிலும் சேராததெல்லாம் வெளியே. பத்திரம், பட்டா, அப்பாவின் பென்ஷன் காகிதங்கள், என் பள்ளிக்கூட டி.சி. எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டேன். மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். நாற்பத்தாறு கிலோ. கிலோ பன்னிரண்டு ரூபாய். அவர் எண்ணிக் கொடுத்த பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலியான அலமாரியைப் பார்த்தபோது, புத்தகத்தில் சொன்னபடியே மனசு துள்ளத்தான் செய்தது.

மறுநாள் காலையில் அம்மா கேட்டாள்.

"சிவப்பு அட்டை போட்ட நீட்டு நோட்டு ஒண்ணு இருக்குமே, எங்கடா?"

"எந்த நோட்டு?"

"மொய் நோட்டுடா. எதுத்த வீட்டுப் பேத்திக்கு ஆவணியில கல்யாணம். அவங்க நம்ம வீட்டுல என்னென்ன செஞ்சாங்கன்னு பார்த்து வெச்சுக்கணும். ஊரை விட்டுப் போறோம், மறந்துட்டாங்கன்னு ஒரு சொல் வரக் கூடாது."

சிவப்பு அட்டை நோட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கையில் எடுத்திருந்தேன். கரப்பான் அரித்த ஓரம். ஊதா மை. யார் யாரோ பெயர், ஐந்து ரூபாய், பதினோரு ரூபாய். துள்ளுகிறதா என்று கேட்டேன். துள்ளவில்லை. நன்றி சொன்னேனா என்பது ஞாபகமில்லை.

பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரியே லோடு போயிடுச்சுங்களே" என்றார். எங்கே போகும் என்று கேட்டேன். "மில்லுக்குத்தான். அரைச்சிருவாங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பத்திரம் கித்திரம் ஏதாச்சும் மாட்டிக்கிச்சா?" என்றார். மொய் நோட்டு என்றேன். அவர் பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அய்யய்யோ" என்றார். பத்திரத்துக்குக்கூட அப்படிச் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை.

* * *

சென்னைக்கு வந்தபிறகு அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்து, இந்த முறை கோபத்தோடு படித்தேன். கோபத்தோடு படித்தால் ஒரு புத்தகம் நன்றாகப் புரிகிறது.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்தவர் பொருளை அவரைக் கேட்காமல் தூக்கிப்போடாதே என்று கொண்டோவே எழுதியிருக்கிறார். சின்ன வயதில் வீட்டார் சாமான்களைத் தெரியாமல் தூர எறிந்து, மாட்டிக்கொண்டு, இனிமேல் நீ எதையும் ஒழுங்குபண்ண வேண்டாம் என்று வீட்டில் தடை வாங்கிய கதையையும் சொல்லியிருக்கிறார். நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விட்டேன்.

ஆனால், என் தப்பையெல்லாம் கழித்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. புத்தகம் 'என் பொருள்', 'அடுத்தவர் பொருள்' என்று இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது. மொய் நோட்டு யாருடைய பொருள்? அப்பா பெயரில் இருந்தது, அம்மா காப்பாற்றியது, என் காதுகுத்தும் தங்கை கல்யாணமும் அதில் இருந்தன, திருப்பிச் செய்ய வேண்டிய பொறுப்பு இனி என்னுடையது. அந்த நோட்டில் இருந்த முக்கால்வாசிப் பெயர்கள் எங்கள் வீட்டு ஆட்களே இல்லை. நம் வீடுகளில் பாதிச் சாமான் இந்த ஜாதிதான். எவர்சில்வர் குடத்தைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். அது உங்கள் பெயராக இருக்காது. கொடுத்தவர் பெயர், தேதியோடு. மூன்று தலைமுறைக்கு முந்தைய ஏதோ ஒரு அத்தையின் இனிஷியலில்தான் நாம் இன்னும் தண்ணீர் குடிக்கிறோம்.

அப்படிப்பட்ட ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு 'எனக்குச் சந்தோஷமா?' என்று கேட்பது, கூட்டுப் பட்டாவில் தனியாகக் கையெழுத்துப் போடுவது போன்றது. செல்லாது.

அம்மாவிடம் அந்தத் துள்ளல் தத்துவத்தை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அது சந்தோஷத்துக்கு வெச்ச நோட்டு இல்லடா. கடன் நோட்டு" என்றாள். மேரி கொண்டோ மீது நான் படித்த விமர்சனங்களில் மிகச் சுருக்கமானது இதுதான்.

சந்தோஷம் என்பது ஒரு பொருளை வைத்துக்கொள்ளக் காரணமாக இருக்கலாம். ஒரே காரணம் இல்லை. கடன், பயம், கோபம், சாட்சி என்று வேறு காரணங்கள் உண்டு. தெரு வழக்கில் தோற்ற தீர்ப்பு நகலை என் மாமா சாகும்வரை பெட்டியில் வைத்திருந்தார். அதைத் தொடும்போது அவருக்கு எதுவும் துள்ளியிருக்காது; ரத்தக் கொதிப்புதான் ஏறியிருக்கும். அதற்காக அதைத் தூக்கிப்போடு என்று யாராவது அவரிடம் சொல்ல முடியுமா?

அடுத்து அந்த நன்றி விஷயம். மரியாதை செய்து அனுப்புவது நல்ல பழக்கம்தான். ஆனால், மரியாதை செய்துவிட்டால் அனுப்புவது சரி என்று ஆகிவிடாது. இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் உ.வே.சாமிநாதையர். அவருடைய 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940-லிருந்து தொடராக வந்தது. அதில் ஓர் இடம். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போகிறார். கோயிலில் நிறைய ஏடு இருந்ததாகக் கேள்விப்பட்டுத்தான் போகிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று சாஸ்திரம் இருப்பதாகவும், அப்படியே செய்துவிட்டதாகவும் அங்கே பதில் வருகிறது. படித்தவர்கள் யாரும் அந்தப் பக்கத்தை மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஏட்டை அவமதிக்கவில்லை. நெய் விட்டு, மந்திரம் சொல்லி, முறைப்படி வழியனுப்பினார்கள். இது யாருக்காவது வேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. அந்த 'யாரோ' நாலு நாள் தள்ளி வாசலில் வந்து நிற்பார் என்பது தெரியாது. நமக்கும் தெரியாது.

போகிக்குப் போகி நாம் சொல்லிக்கொள்ளும் நன்னூல் சூத்திரம்கூட அப்படித்தான். பவணந்தி முனிவர் இலக்கணத்தைப் பற்றிப் பேசுகிறார். பழையது போய்ப் புதியது வந்தால் அது குற்றம் இல்லை என்றுதான் சொன்னார். போட்டுக் கொளுத்து என்று சொல்லவில்லை.

* * *

கொண்டோவுக்கு நேர் எதிராக ஒரு பாட்டி இருக்கிறார். மார்கரெட்டா மாக்னுசன், ஸ்வீடன்காரர். 2017-ல் அவர் எழுதிய சின்னப் புத்தகத்தின் விஷயம், சாவுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்வது. ஸ்வீடிஷ் மொழியில் அதற்கு ஒரே சொல் இருக்கிறது. தலைப்பைக் கேட்டால் நம் வீட்டில் "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு?" என்பார்கள். உள்ளே சிரித்த முகத்தோடு எழுதியிருக்கிறார். கணவர் இறந்தபிறகு பெரிய வீட்டை விட்டு இரண்டு அறை ஃப்ளாட்டுக்கு மாறியவர். நான் போனபிறகு என் குப்பையை ஏன் என் பிள்ளைகள் அள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய கட்சி.

அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. நான் இதை வைத்துவிட்டுப் போவதால் எனக்குத் தெரிந்த யாருக்காவது சந்தோஷமா? கவனியுங்கள், இங்கேயும் சந்தோஷம்தான். ஆனால், யாருடைய சந்தோஷம் என்பது மாறிவிட்டது. கொண்டோவின் கேள்வி கண்ணாடியைப் பார்த்துக் கேட்பது. இந்தப் பாட்டியின் கேள்வி வாசலைப் பார்த்துக் கேட்பது. அவர் சொல்லும் இன்னொரு யோசனையும் எனக்குப் பிடித்தது. தனக்கு மட்டுமே அர்த்தமுள்ள கடிதம், காய்ந்த பூ மாதிரியானவற்றைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு, 'திறக்காமல் எறிந்துவிடவும்' என்று எழுதி வைக்கச் சொல்கிறார். உயிரோடு இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் மனச்சங்கடம் இல்லை. காகிதத்தைக் கடைசியாகக் கையாள்வதில் இவ்வளவு நாசூக்கு எனக்குத் தோன்றியதில்லை.

மூன்றாவதாக ஒரு சினிமா. 'ஹாப்பி ஓல்ட் இயர்' என்ற தாய்லாந்துப் படம், 2019 கடைசியில் வந்தது. இயக்குநரின் பெயர் நவபோல். ஸ்வீடனில் இருந்து திரும்பிய ஜீன் என்ற பெண், அம்மாவும் அண்ணனும் இருக்கும் அடைசலான வீட்டை வெள்ளைவெளேரென்ற ஆபீஸாக மாற்ற நினைக்கிறாள். கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டுகிறாள். தான் ஆசையாகக் கொடுத்த பரிசு அந்தப் பையில் கிடப்பதை ஒரு சிநேகிதி பார்த்துவிடுகிறாள். அங்கேதான் படம் திரும்புகிறது. இரவல் வாங்கியது, மறந்து வைத்துக்கொண்டது என்று ஒவ்வொன்றையும் உரியவர் வீடு தேடிப்போய்த் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறாள். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். பழைய காதலனின் கேமராவைக் கொடுக்கப் போகும் இடத்தில், திருப்பித் தருவது என்பது மன்னிப்புக் கேட்பதா, இல்லை தன் மனப்பாரத்தை அவன் தலையில் இறக்கி வைப்பதா என்று நமக்கே குழப்பம் வந்துவிடுகிறது. ஊரெல்லாம் போய்ப் பொருளுக்கு உரியவரைத் தேடிய அந்தப் பெண், வீட்டுக்குள் இருக்கும் அம்மாவை மட்டும் கடைசிவரை கேட்கவில்லை. விட்டுப்போன அப்பாவின் பியானோ. அம்மா தரமாட்டேன் என்கிறாள். அவள் இல்லாத நேரம் பார்த்து அது வண்டியேறுகிறது.

இந்தக் காட்சியை நான் உறையூருக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும்.

* * *

அப்படியானால் எதையுமே தூக்கிப்போடக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல நான் யார்? எழுநூறு சதுர அடியில் மனிதர்களும் படுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, அதனால் நமக்கு உபகாரம் செய்தவர் ஒருவர் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பழைய புத்தகம், பத்திரிகை தவிர, மற்றவர்கள் எடைக்குப் போடும் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் வரை சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே 1994-ல் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ் வாழ்க்கையைத் தேடுகிறவர்கள், யாரோ ஒருவர் வீட்டுப் பரண் காலியானபோது வெளியே வந்த காகிதத்தைத்தான் அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆனால், எல்லோரும் ரோஜா முத்தையா ஆக முடியாது. அவர் வீட்டில் இருந்தவர்கள் என்ன பாடுபட்டார்களோ!

எனக்குக் கிடைத்த நல்ல அளவுகோல் ஒரு நண்பர் கொடுத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் அவர் வீட்டுத் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். வடிந்தபிறகு போயிருந்தேன். துணி உலர்த்தும் கொடியில் கிளிப் மாட்டிக் கல்யாண போட்டோக்களைக் காயப் போட்டிருந்தார். முகங்கள் பாதி கரைந்திருந்தன. சான்றிதழ்களுக்கு அரசாங்கம் முகாம் போட்டு நகல் கொடுத்தது. டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் மூன்று மாதத்தில் புதிதாக வந்துவிட்டன. "இ.எம்.ஐ.-ல வராதது எதுவோ அதை மட்டும் மேல் தட்டுல வைக்கணும் சார். மத்தது எங்க இருந்தா என்ன?" என்றார்.

கொண்டோவின் ஜப்பானிலும் இதுதான் நடந்தது. அவர் புத்தகம் விற்பனையில் ஏறிக்கொண்டிருந்த அதே 2011-ல், மார்ச் சுனாமிக்குப் பிறகு, சேற்றிலிருந்து எடுத்த போட்டோக்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசி, காயவைத்து, உரியவர் வந்து அடையாளம் கண்டு எடுத்துப் போகட்டும் என்று அடுக்கி வைத்தார்கள். ஃபியூஜி ஃபிலிம் கம்பெனி அதற்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. கழுவியவர்களுக்கு அந்த முகங்கள் யாரென்றே தெரியாது. அவர்களுக்கு எதுவும் துள்ளியிருக்க வேண்டிய அவசியமில்லை. யாரோ ஒருவருக்கு வேண்டும் என்பது போதுமானதாக இருந்தது.

கொண்டோவின் கதையில் பின்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் விட்டொழிக்கச் சொன்னவர் 2019 நவம்பரில் இணையத்தில் ஒரு கடை திறந்தார். ஒரு ட்யூனிங் ஃபோர்க்கும் ஸ்படிகக் கல்லும் சேர்த்து 75 டாலர். ரொம்பப் பேர் வயிறெரிந்தார்கள். ஆனால், 2023-ல், மூன்று குழந்தைகள் ஆனபிறகு, வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு அவரை முதல்முறையாக நெருக்கமாக உணர முடிந்தது. ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஒருவர் மனசு மட்டும் துள்ளிப் பிரயோஜனமில்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

* * *

மூன்றாம் நாளுக்குத் திரும்புகிறேன். நோட்டு போய்விட்டது என்று தெரிந்தபிறகு நான் எதையும் தொடவில்லை. ஒவ்வொன்றையும் அம்மா முன்னால் வைத்து, "இது?" என்று மட்டும் கேட்டேன்.

நான் நினைத்தது ஒன்றுகூட நடக்கவில்லை. அப்பாவின் சட்டைகளைப் பிரிய மாட்டாள் என்று நினைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். பதினோரு சட்டையையும் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கொடுத்துவிடச் சொன்னாள். "இருவது வருஷமா அவர்தான் தேய்ச்சாரு. அளவு சரியா இருக்கும்." பாடாத ரேடியோவுக்கு ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. நான்தான் அதை விடமுடியாமல் நின்றேன். "உனக்கு வேணும்னா நீ வெச்சுக்கோ. என்னைச் சாக்குச் சொல்லாதே" என்றாள். மூடியில்லாத மூன்று ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பத்திரமாகத் துணியில் சுற்றினாள். ஏன் என்று கேட்டேன். "உன் வீட்டுல பாட்டில் இருக்கா?" இல்லை. "அப்புறம்?"

முப்பது வருடமாக அம்மாவைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு பொருளையும் ஒரு மனுஷியையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்வரை, அவளுக்கு எது வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டைக் காலி செய்வதில் நமக்கு வரும் லாபம் காலி இடம் என்று நினைக்கிறோம். அந்த "இது?" என்ற கேள்விக்கு வரும் பதில்கள்தான் லாபம். அதைக் கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அப்பாவிடம் நான் கேட்கவில்லை. அவர் டூல் பாக்ஸில் இருக்கும் பித்தளைச் சாமான் ஒன்று எதற்கு என்று இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. தூக்கிப்போடவும் முடியவில்லை.

சாயங்காலம் லாரி வருவதற்கு மூன்று மணி நேரம் இருந்தது. அம்மா காலியான கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "கடையில போய் ஒரு நீட்டு நோட்டு வாங்கிட்டு வா" என்றாள். வாங்கி வந்தேன். "எழுது."

"லால்குடி பெரியம்மா. குத்துவிளக்கு, ஒரு ஜதை. ஃபிட்டர் செக்‌ஷன்ல எல்லாரும் சேர்ந்து சுவர்க்கடிகாரம். மலைக்கோட்டைக்குக் கீழ ஜவுளிக்கடை வெச்சிருந்தாரே, பேர் வரலை, கடைன்னே எழுது, அஞ்சு ரூபா..." 1972-லிருந்து ஆரம்பித்தாள். சில பெயர்களுக்கு நேரே தொகை இல்லை. சில தொகைகளுக்கு நேரே பெயர் இல்லை. சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு, அந்த மனிதர் அன்றைக்கு என்ன கலர் சட்டை போட்டிருந்தார் என்பதில் இருந்து தொகைக்கு வர முயன்றாள். பழைய நோட்டு எண்பது பக்கம் இருக்கும். புதிய நோட்டில் ஆறரைப் பக்கம்தான் வந்தது.

எதிர் வீட்டுக்காரர்களின் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். என்ன செய்தார்கள் என்பது மட்டும் அம்மாவுக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"அப்ப அந்தப் பேத்தி கல்யாணத்துக்கு எவ்வளவும்மா செய்யறது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நோட்டைத் தொலைத்தவன் கேட்கிற கேள்வியா என்பது போலத்தான் இருந்தது அந்தப் பார்வை.

"கணக்குத் தெரியலேன்னா கூடத்தான்டா செய்யணும்."